சேவிங் சவர்க்காரம்: எத்தனை நாள் வரும், கொடுத்த காசுக்குப் பெறுமதியா?

கோண்டாவிலான் | ஒக்டோபர் 5

வணக்கம். நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்த அத்தான் 125 கிராம் வட்டச் சவர்க்காரம் ஒன்றும் பன்றிமுடிப் பிரஷ் ஒன்றும் கொண்டுவந்து தந்தார். அதுவரை நான் டியூப் கிரீம்தான். 650 ரூபாவுக்கு வாங்கும் 70 கிராம் டியூப் எனக்கு ஒன்றரை மாதம் வரும். "இது உனக்கு ஒரு வருசத்துக்குக் காணும்" என்று அத்தான் சொன்னார். அங்கே அவருக்கு அப்படித்தான் வருகிறதாம்.

இன்றோடு 52 சேவ் முடிந்தது, ஒவ்வொரு நாளும் கலண்டரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சவர்க்காரத்தின் நடுவில் குழி விழுந்து பேணியின் அடி தெரியத் தொடங்கிவிட்டது. நுரையும் நிற்பதில்லை. ஒரு கன்னம் முடித்து மற்றக் கன்னத்துக்கு வருவதற்குள் காய்ந்து தோல் இழுக்கிறது. திரும்பவும் பிரஷைச் சவர்க்காரத்தில் தேய்க்க வேண்டியிருக்கிறது.

இதையே இங்கிருந்து தபாற்செலவோடு எடுப்பித்தால் 4,800 ரூபா ஆகும் என்று பார்த்தேன். முடிந்த பிறகு திரும்ப எடுக்கலாமா, பேசாமல் கிரீமுக்கே போகலாமா? பாவிப்பவர்கள் சொல்லுங்கள்.

ஏழுமணிபஸ் | ஒக்டோபர் 5

நான் வங்கியில் வேலை, காலை ஏழு மணிக்கு பஸ். நுரைப் பேணியை அமத்தினால் உள்ளங்கையில் நுரை. மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது. பிரஷை ஊறவைத்து, சுற்றி, கழுவிக் காயவைப்பதற்குப் போகும் நேரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது அண்ணை. அதையும் கணக்கில் சேருங்கள்.

தராசுத்தட்டு | ஒக்டோபர் 6

எனக்குக் கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை வேலை. கையில் நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு இருக்கும்போது ஊகத்தில் கதைக்க மனம் வராது. ஆறு மாதமாக நிறுத்து எழுதிவைத்ததைச் சொல்கிறேன்.

நான் பாவிப்பது 75 கிராம் குச்சிச் சவர்க்காரம், 1,100 ரூபா. புதிதாக உடைத்தபோது 75.20 கிராம் இருந்தது. கொக்குவில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் 40 சேவுக்குப் பிறகு 44.00. அதாவது ஒரு சேவுக்கு 0.78 கிராம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சேவ் எடுத்த கையோடு நிறுத்தால் உள்ளே உறிஞ்சின தண்ணீரும் சேர்ந்து பாரம் கூடக் காட்டும். நான் ஓட்டில் வைத்து நாலு நாள் காயவிட்டுத்தான் நிறுத்தேன்.

அந்தக் கணக்கில் ஒரு குச்சி 96 சேவ் வரும். சேவ் ஒன்றுக்குப் பதினொன்றரை ரூபா.

டியூப் கிரீமையும் விடவில்லை. நான் பிதுக்குகிற அளவுக்கு ஒரு தரம் 1.6 கிராம் போகிறது. 70 கிராமுக்கு 43 சேவ், ஒன்றுக்கு 15 ரூபா. நுரைப் பேணியில் ஒரு தரத்துக்கு 9 கிராம் போகிறது. 1,450 ரூபாப் பேணி 22 தரத்தோடு சரி. ஒன்றுக்கு 66 ரூபா. ஏழுமணிபஸ் தம்பி, உங்கள் மூன்று நிமிடத்தின் விலை அது. உங்களுக்குக் கட்டுப்படியானால் அதில் பிழையில்லை.

கோண்டாவிலான், உங்கள் 4,800 ரூபாச் சவர்க்காரம் என்னுடைய வேகத்தில் கரைந்தால் 160 சேவ் வரும், ஒன்று 30 ரூபா. கிரீமின் இரண்டு மடங்கு. பிழை சவர்க்காரத்திலா, நாங்கள் பாவிக்கும் முறையிலா என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஒருநாள் கடைக்குக் கொண்டுவாருங்கள், நிறுத்துப் பார்ப்போம்.

வேலணையான் | ஒக்டோபர் 6

நீங்கள் கொக்குவில் கிணற்றுத் தண்ணீரில் கரைவதைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எங்கள் பக்கம் வந்து பாருங்கள். வீட்டுக் கிணறு உவர். குடிக்கிற தண்ணீர் பவுசரில் வருகிறது. கிணற்றுத் தண்ணீரில் சேவிங் சவர்க்காரம் நுரைக்காது, திரிந்த பால் மாதிரிக் கட்டி கட்டியாகப் பிரியும். ஆனால் ஒன்று கண்டேன்: தேங்காயெண்ணெயில் செய்த சாதாரண உடம்புச் சவர்க்காரம் அதே தண்ணீரில் ஓரளவு நுரைக்கிறது. அது ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரசாயனரீச்சர் | ஒக்டோபர் 7

உயர்தர வகுப்புக்கு ரசாயனம் படிப்பிக்கிறேன். சேவ் எடுக்கும் அனுபவம் எனக்கில்லை, ஆனால் இந்தக் கேள்வி முழுக்க என் பாடத்துக்குள் வருகிறது.

குளிக்கிற சவர்க்காரம் பெரும்பாலும் சோடியம் உப்பு. கட்டியாக இருக்கும், மெதுவாகக் கரையும். சேவிங் சவர்க்காரத்தில் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தின் பொற்றாசியம் உப்பு நிறைய இருக்கும். பொற்றாசியச் சவர்க்காரம் கெதியாகக் கரைந்து நுரைக்கும், ஸ்டியரிக் அந்த நுரையைத் தடிப்பாக்கி நிறுத்திவைக்கும். கட்டியாக இருப்பதற்குக் கொஞ்சம் சோடியமும் சேர்ப்பார்கள். நல்ல வட்டச் சவர்க்காரத்தை உருளைகளுக்கிடையில் திரும்பத் திரும்ப அரைத்து ஈரத்தைக் குறைத்து அழுத்துவார்கள். அதனால்தான் அது நாள் செல்லும். கிரீமில் கணிசமான பங்கு தண்ணீர், அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

இனி எங்கள் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மழைத்தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளால் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது, வரும்போது கல்சியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்தால் கரையாத பொருள் உண்டாகும். வாளியைச் சுற்றி ஒட்டுகிற அழுக்குப் படை அதுதான்.

ஆனால் கணக்குப் போட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியம், மகனீசியத்தின் அளவைத்தான் வன்மை என்கிறோம். லீற்றருக்கு 300 மில்லிகிராம் வன்மை என்று எடுப்போம். 180க்கு மேலேயே மிகவன்னீர் என்று சொல்வார்கள். நுரை எழுப்ப உள்ளே போகும் தண்ணீர் 20 மில்லிலீற்றர் என்று வைத்தால், அதிலுள்ள கல்சியம் தின்னக்கூடிய சவர்க்காரம் வெறும் 0.04 கிராம்தான். தராசுத்தட்டு சொல்லும் 0.78 கிராமில் அது ஒரு சிறு துண்டு. அப்படியென்றால் மிச்சம் எங்கே போகிறது? என் ஊகம் இது. அந்தக் கல்சியச் சவர்க்காரத் துணிக்கைகள் நுரையை உடைக்கும் தன்மை உடையவை. நுரை உடைய உடைய நீங்கள் திரும்பவும் பிரஷைத் தேய்க்கிறீர்கள். கல்சியம் தின்பது கொஞ்சம், அதற்குப் பயந்து உங்கள் கை எடுப்பது கூட.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. தேவையான மென்னீர், அதாவது வன்மை குறைந்த தண்ணீர், 20 மில்லிலீற்றர், ஒன்றிரண்டு மேசைக்கரண்டிதான். முகம் கழுவுவதும் ரேசர் அலசுவதும் கிணற்றுத் தண்ணீரில் நடக்கட்டும். நுரைக்கு மட்டும் மழைத்தண்ணீரோ குடிநீர்க் கானில் வருகிற சுத்திகரித்த தண்ணீரோ எடுத்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலால் ஊற்றி எடுங்கள். கொதிக்கவைத்தால் தற்காலிக வன்மை, அதாவது சூட்டில் பிரிந்து அடியில் படிகிற பங்கு, மட்டும்தான் போகும், அதுவே எங்கள் தண்ணீரில் பெரும்பங்கு.

வேலணையான் தம்பி, உங்களுடையது வேறு பிரச்சினை. உப்புத் தண்ணீரில் சவர்க்காரம் கரையாமல் பிரிந்துவிடும். சவர்க்காரம் காய்ச்சுபவர்கள் உப்புப் போட்டுப் பிரிப்பதும் இந்த முறையால்தான். ஸ்டியரிக் போன்ற நீளமான காபன் சங்கிலி உள்ள கொழுப்பமிலங்களின் சவர்க்காரம் முதலில் பிரியும். தேங்காயெண்ணெயில் உள்ளவை கட்டையான சங்கிலிகள், உப்பைத் தாங்கும். கடல் தண்ணீரில் குளிக்கக் கப்பற்காரருக்குச் செய்த சவர்க்காரம் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம்தான். உங்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பிரயோசனமில்லை, உப்பு இன்னும் செறியும். பவுசர்த் தண்ணீரில் இரண்டு கரண்டி எடுங்கள்.

கத்தியும்கல்லும் | ஒக்டோபர் 7

ரீச்சர் சொன்னதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். எனக்குத் திருநெல்வேலியில் சலூன், 22 வருசத் தொழில். அப்பாவின் காலத்தில் பித்தளைக் கிண்ணத்தில் வட்டச் சவர்க்காரம், ஒரே பிரஷ். இப்போது சுத்தம் முக்கியம் என்பதால் ஆளுக்கு ஆள் கிரீம்தான் பிதுக்குகிறேன். ஆனாலும் வீட்டில் என் முகத்துக்குச் சவர்க்காரம்தான்.

கோண்டாவிலான் தம்பிக்கு மூன்று விசயம். பிரஷைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, சொட்டுவது நிற்கும்வரை உதறுங்கள். அநேகமாகக் காய்ந்த பிரஷ் மாதிரி இருக்க வேண்டும். சவர்க்காரத்தில் அதைத் தேய்க்கும்போது முதலில் வருவது நுரையாக இருக்கக்கூடாது, பசையாக வரவேண்டும். தண்ணீரைப் பிறகு துளித்துளியாகச் சேர்க்கலாம். தொடக்கத்திலேயே தண்ணீர் கூடினால் பெரிய பெரிய குமிழியாக வரும், பார்க்க அழகாக இருக்கும், இரண்டு நிமிடத்தில் உட்கார்ந்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, கிண்ணத்தில் நுரை எழுப்பாதீர்கள், முகத்திலேயே எழுப்புங்கள். சேவ் முடிந்த பிறகு கிண்ணத்தில் கிடந்து கழுவுப்படுகிற நுரை முழுக்கக் காசு.

மூன்றாவது, பாவித்த பிறகு பேணியின் மூடியைப் பூட்டாதீர்கள். ஈரத்தில் ஊறின சவர்க்காரத்தின் மேல்தோல் களியாகிவிடும், அடுத்தநாள் பிரஷ் அந்தக் களியை அள்ளிக்கொண்டு போகும். மாரி தொடங்குகிறது, இப்போது இன்னும் கவனம் வேண்டும். நான் ஒரு சிரட்டையை உள்ளும் வெளியும் கண்ணாடித் துண்டால் வழித்து, அடியில் ஓட்டை போட்டு, அதற்குள்தான் சவர்க்காரத்தை வைத்திருக்கிறேன். தண்ணீர் தங்காது.

ஒஸ்லோயாழ் | ஒக்டோபர் 8

இந்தப் பிரச்சினையை இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன். ஒஸ்லோவில் குழாய்த் தண்ணீர் ஏரித் தண்ணீர், மிகவும் மென்மையானது. அங்கே பிரஷை நாலு சுற்றுச் சுற்றினாலே போதும், முகம் முழுக்கத் தயிர் மாதிரி நிற்கும். போன வருசம் அம்மாவைப் பார்க்கச் சுன்னாகம் வந்தபோது அதே சவர்க்காரம், அதே பிரஷ், அதே கை. கிணற்றடியில் கண்ணாடியைக் கமுகில் மாட்டிவிட்டு நின்று சுற்றுகிறேன், சுற்றுகிறேன், பிரஷின் நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு படைதான் வந்தது. விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுப்பு இல்லை, மெழுகு மாதிரி இழுபட்டது. சவர்க்காரம் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். திரும்பிப் போய் அதே கட்டியை ஒஸ்லோத் தண்ணீரில் போட்டபோது பழையபடி பொங்கியது.

லண்டன் அத்தானுக்கும் வன்னீர்தான் என்பதைக் கவனியுங்கள். லண்டன் தண்ணீரும் சுண்ணக்கல் நிலத்துக்குள்ளால் வருவது. அங்கே அவருக்கு ஒரு வருசம் வருகிறதென்றால் அவருடைய கையும் பழகியிருக்க வேண்டும். தண்ணீரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

மட்டுவில்ராசா | ஒக்டோபர் 9

இந்த இழையை வாசித்தபோது ஐயாவின் ஞாபகம் வந்தது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஐயா பள்ளிக்கூட வாத்தியார். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த காலம். சவர்க்காரம் கிடைப்பதே அருமை, கிடைத்தாலும் விலை கேட்க ஏலாது. உடுப்புக்குப் பனம்பழம் பிசைந்து தோய்த்தோம். கொடியில் காயப்போட்ட சேலையை மாடு வந்து சப்பும், அதற்கு ஆள் வைத்துக் காவல் காக்க வேண்டும். அந்த நாட்களிலும் ஐயா தாடியோடு வகுப்புக்குப் போனதில்லை. கிழமைக்கு மூன்று தரம் சேவ் எடுப்பார். அவரிடம் 50 கிராம் குச்சி ஒன்று இருந்தது, ஈயத்தாளில் சுற்றினது.

முகத்தை நனைப்பார். குச்சியின் நுனியை இரண்டு கன்னத்திலும் நாடியிலும் மேலுதட்டிலும் ஒவ்வொரு இழுப்பு இழுப்பார், அவ்வளவுதான். பிரஷை ஒரு சின்ன மூடியில் தொட்டு, முகத்திலேயே சுற்றிச் சுற்றி அந்த இழுப்பை நுரையாக்குவார். ஐந்து நிமிடமாவது சுற்றுவார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன், முதலில் கண்ணாடி மாதிரி இருக்கும், பிறகு மெல்ல மெல்ல வெள்ளையாகும். பிளேட்டைக் கண்ணாடிக் கிளாசின் உட்புறத்தில் விரலால் அமத்தி முன்னும் பின்னும் தேய்த்துத் தீட்டி, ஒரு பிளேட்டை மாதக்கணக்கில் கொண்டுபோனார். முடிந்ததும் குச்சியைத் துணியால் ஒற்றித் துடைத்து ஈயத்தாளில் சுற்றுவார். அந்தக் குச்சி பத்து மாதம் வந்தது. ஒரு சதக் குத்தி அளவுக்குத் தேய்ந்த பிறகு அதை எறியவில்லை, அடுத்த குச்சியின் நுனியில் நனைத்து ஒட்டிவிட்டார்.

1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது ஐயாவின் பையில் சான்றிதழ்கள், காணி உறுதி, அம்மாவின் மருந்து, பிறகு அந்தப் பிரஷும் குச்சியும். மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தோம். மூன்றாம் நாள் காலை அவர் கூரைத் தண்ணீரை ஒரு பேணியில் ஏந்தி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சேவ் எடுத்தார். கண்ணாடி இல்லை. நுரை அப்படி நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மழைத்தண்ணீர் என்பதால்தான் என்று இன்றைக்குத்தான் ரீச்சரின் எழுத்தில் விளங்கியது.

தராசுத்தட்டு | ஒக்டோபர் 9

ராசா அண்ணை, கிழமைக்கு மூன்று, பத்து மாதம் என்றால் 130 சேவ். 50 கிராமை 130ஆல் பிரித்தால் ஒன்றுக்கு 0.38 கிராம். என்னுடையதில் பாதி. உங்கள் ஐயாவின் கை அப்படி.

நாளை காலையிலிருந்து குடிநீர்க் கான் தண்ணீரில் தொடங்குகிறேன். 30 சேவ் முடித்துவிட்டு எழுதுகிறேன்.

சைவக்கொடி | ஒக்டோபர் 12

இடையில் ஒன்று கேட்கிறேன். எங்கள் வீடு சுத்த சைவம். இந்தச் சவர்க்காரங்களில் மாட்டுக்கொழுப்பு இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

ரசாயனரீச்சர் | ஒக்டோபர் 12

பலவற்றில் உண்டு. உறையில் "டலோவேட்" என்று முடியும் பெயர் இருந்தால் விலங்குக் கொழுப்பு. பெரும்பாலும் மாடு, சிலவேளை ஆடு. துருக்கியின் ஆர்கோ குச்சி அந்த வகைதான். பாம் எண்ணெய், தேங்காயெண்ணெயில் செய்தவையும் தாராளமாக இருக்கின்றன. ஸ்டியரிக் அமிலம் என்று மட்டும் போட்டிருந்தால் அது இரண்டிலிருந்தும் வரலாம், அதனால் தாவரம் என்று தெளிவாக எழுதியிருப்பதை எடுங்கள். நுரைக்கும் நாள் செல்வதற்கும் தாவரவகை குறைந்ததல்ல.

தராசுத்தட்டு | நவம்பர் 19

30 சேவ் முடிந்தது, குச்சியை நாலு நாள் காயவிட்டு நிறுத்தேன். மாரி ஈரத்துக்கு நாலு நாள் காணுமோ என்று ஐந்தாம் நாளும் நிறுத்தேன், மாறவில்லை. கரைந்தது 14.70 கிராம். ஒரு சேவுக்கு 0.49.

நுரைக்குக் கான் தண்ணீர், பிரஷ் உதறல், நுரை முகத்தில். இந்த மூன்றையும் ஒன்றாக மாற்றினேன். அதனால் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல ஏலாது. 0.78 இலிருந்து 0.49க்கு வந்தது நிச்சயம். குச்சி இப்போது 153 சேவ் வரும், ஒன்றுக்கு ஏழு ரூபா சொச்சம். தோல் இழுக்கிறதும் நின்றுவிட்டது, படிகாரம் தேய்க்கும்போது எரிவே இல்லை.

கத்தியும்கல்லும் | நவம்பர் 19

சந்தோசம் தம்பி. ஆனால் நியாயமாகப் பார்த்தால் கிரீமுக்கும் அதே தண்ணீரைக் கொடுத்தல்லவா ஒப்பிட வேண்டும்? நீங்கள் முந்தி நிறுத்த 1.6 கிராம் கிணற்றுத் தண்ணீரில்.

தராசுத்தட்டு | டிசம்பர் 3

கேட்டது சரி அண்ணை. பத்து சேவ் கிரீமில் எடுத்துப் பார்த்தேன். கான் தண்ணீரில், பிரஷோடு, 1.1 கிராம் போதும். 650 ரூபா டியூப் 63 சேவ் வரும், ஒன்றுக்குப் பத்து ரூபா சொச்சம். எனவே குச்சி இன்னும் முன்னுக்குத்தான் நிற்கிறது, ஆனால் இடைவெளி மூன்று ரூபாதான். சவர்க்காரம் என்றாலே மலிவு என்று இனிச் சொல்ல மாட்டேன். குச்சி மலிவு. தபாற்செலவோடு வருகிற வட்டச் சவர்க்காரம் எப்படிப் பாவித்தாலும் கிரீமை விட விலைதான்.

ஏழுமணிபஸ் | டிசம்பர் 4

66 ரூபா என்பதை வாசித்த பிறகு மனம் கேட்கவில்லை. ஒரு குச்சி வாங்கிவிட்டேன். வேலைநாளில் பேணி, சனி ஞாயிறில் குச்சி. ராசா அண்ணையின் ஐயா மாதிரி முகத்தில் நேரே இழுத்தேன், கணக்குப் பார்த்தேன், ஆறு நிமிடம்.

கோண்டாவிலான் | ஜனவரி 24

தைப்பொங்கல் முடிந்து, எல்லாருக்கும் கடன்பட்ட கணக்கைச் சொல்ல வந்தேன். ஒக்டோபரில் கஸ்தூரியார் வீதிக்குக் கொண்டுபோய் நிறுத்தபோது 83 கிராம் மிச்சம் இருந்தது. 52 சேவுக்கு 42 கிராம், ஒன்றுக்கு 0.81. நான்தான் எல்லாரையும் விட மோசம். அன்றிலிருந்து பீலிக்குக் கீழே வாளி வைத்துப் பிடித்த மழைத்தண்ணீரில் 70 சேவ் எடுத்தேன். நேற்று நிறுத்தது 47 கிராம். ஒன்றுக்கு 0.51.

மிச்சம் 92 சேவ் வரும். மொத்தம் 214. தராசுத்தட்டு சொன்ன 30 ரூபா 22 ஆகிவிட்டது, ஆனாலும் 4,800 கொடுத்துத் திரும்ப எடுக்க மாட்டேன். அத்தான் அன்பாகத் தந்தது, கடைசித் துண்டு வரை பாவிப்பேன். அடுத்தது குச்சி. மிஞ்சுகிற துண்டை ராசா அண்ணையின் ஐயா செய்த மாதிரி அதன் நுனியில் ஒட்டிவிடுவேன்.

மழை ஓயப்போகிறது, அதனால் மூன்று பெரிய போத்தல் நிரப்பி வைத்திருக்கிறேன். ஒரு தரத்துக்கு இரண்டு கரண்டி என்றால் ஆடி வரை காணும். போத்தலில் "சேவ் எடுக்க" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், இல்லாவிட்டால் அம்மா கறிவேப்பிலைக்கு ஊற்றிவிடுவா.